நிலத்துக்கும் ஹீரோவுக்கும் தேய்மானம் கிடையாது

'அருணாச்சலம்' (1997) படத்தில் ஒரு பாட்டி வருவாரே, நினைவிருக்கிறதா? கூன் விழுந்து, தலை நரைத்து, ரஜினியைக் கண்டாலே கரித்துக்கொட்டும் வேதவல்லிப் பாட்டி. டிவியில் அந்தப் படம் ஓடும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பாட்டி அவரைத் திட்டித் தீர்ப்பார். அந்த வேடத்தில் நடித்தவர் வடிவுக்கரசி. அப்போது அவர் 40 வயதைக்கூடத் தொடவில்லை. ரஜினிக்கு 46. அதாவது பாட்டியை விடப் பேரன் குறைந்தது ஏழு வயது பெரியவன்!

இதே வடிவுக்கரசி 1979ல் 'கன்னிப்பருவத்திலே' படத்தின் நாயகி. 1985ல் 'முதல் மரியாதை'யில் 56 வயது சிவாஜிக்கு மனைவி. அப்போது அவர் 30ஐ எட்டவில்லை. 18 வருடத்தில் கன்னி, கிழவரின் மனைவி, கூன் கிழவி என்று ஒரு முழு ஆயுளையே தமிழ் சினிமா அவரை வாழ வைத்துவிட்டது.

நான் பி.காம். படிக்கிறேன். எங்கள் அக்கவுண்டன்சி பாடத்தில் தேய்மானம் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. இயந்திரம், வண்டி, மேஜை நாற்காலி எல்லாவற்றின் மதிப்பையும் வருடா வருடம் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும். நிலத்துக்கு மட்டும் விலக்கு, அதற்குத் தேய்மானம் போடக்கூடாது. இந்தப் பாடம் நடந்த அன்றைக்கே எனக்குக் கோடம்பாக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஹீரோ நிலம், ஹீரோயின் இயந்திரம். ஆனால் ஒன்று, மனிதனாகப் பிறந்தால் வயது ஏறத்தானே செய்யும்? ஹீரோவின் கணக்கில் ஏறாத அந்த வயது எங்கே போகிறது என்று தேடினால், அது பக்கத்தில் நிற்கும் பெண்களின் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. ஹீரோ 25 வயது இளைஞனாகவே இருக்க வேண்டுமென்றால் அவர் வயதை வேறு யாராவது சுமக்கத்தானே வேண்டும்? அந்தச் சுமையின் வரலாற்றைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

சினிமாவுக்கு முன்பு நாடகம். பாய்ஸ் கம்பெனி காலத்தில் பெண் வேடத்தையும் பையன்கள்தான் போட்டார்கள். ஸ்திரீ பார்ட் என்று பெயர். எங்கள் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் என்ற பையன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சேர்ந்து சீதை வேடம் போட்டதெல்லாம் தெரிந்த கதை (பிற்பாடு அவர்தான் சிவாஜி). இந்தப் பையன்களுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. மகரக்கட்டு. குரல் உடைகிற வயது. அது வந்துவிட்டால் சீதையும் இல்லை, வள்ளியும் இல்லை, வேடம் கை மாறிவிடும். எனக்கு இது சுவாரசியமாக இருந்தது. நடிப்பது ஆணாகவே இருந்தாலும், பெண் வேடத்துக்குத்தான் காலாவதித் தேதி இருந்திருக்கிறது!

பேசும்படம் வந்தபிறகு பெண்களே நடித்தார்கள். முதல் கனவுக்கன்னி டி.ஆர். ராஜகுமாரி. 1944ல் 'ஹரிதாஸ்' வந்தபோது அவருக்கு 22, நம்மூர் பாகவதருக்கு 34. அப்போது இந்த இடைவெளி ஊரில் நடக்கிற கல்யாணங்களில் இருந்த இடைவெளிதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1948ல் 'சந்திரலேகா'. 1955ல் 'குலேபகாவலி'யில் எம்.ஜி.ஆரோடு நடித்தார். 1963ல் 'வானம்பாடி'யோடு நடிப்பை முடித்துக்கொண்டார். வயது 41. அவரை விட ஐந்து வயது பெரியவரான எம்.ஜி.ஆர். அதற்குப் பிறகு இன்னும் 15 வருடம் காதலிக்க இருந்தார். ராஜகுமாரி விவரமானவர். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து படக்கம்பெனி நடத்தினார், தி.நகரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். தேய்மானம் போடுகிற தொழிலில் இருந்துகொண்டு, தேய்மானம் இல்லாத நிலத்தில் பணத்தைப் போட்டிருக்கிறார் பாருங்கள்.

இனி எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

1958ல் 'நாடோடி மன்னன்'. அவருக்கு 41. அந்தப் படத்தில் இரண்டு நாயகிகள். முதல் பாதியில் பானுமதி, பிற்பாதியில் சரோஜாதேவி. எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் ஒத்துப்போகாமல் பாதியிலேயே பானுமதியின் பாத்திரம் செத்துப்போனது பிரபலமான கதை. அது அவர்களுடைய சண்டை, நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது கணக்கு. பானுமதி எம்.ஜி.ஆரை விட 8 வயது இளையவர். அவர் இடத்துக்கு வந்த சரோஜாதேவி 21 வயது இளையவர். ஒரே படத்தில், இடைவேளைக்குள் இடைவெளி 13 வருடம் கூடிவிட்டது.

சரோஜாதேவி (2025 ஜூலையில் காலமானார்) எம்.ஜி.ஆரோடு 26 படம் நடித்தார். கடைசியாகச் சேர்ந்து நடித்தது 1967ல் 'அரச கட்டளை'. அதே படத்தில் இன்னொரு நாயகியும் இருந்தார். ஜெயலலிதா. பிறந்தது 1948. இடைவெளி 31 வருடம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. குடும்பப் பூர்வீகம் எங்கள் ஊர். 1965ல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை'தான் முதல் தமிழ்ப்படம். அதற்கு 'ஏ' சர்டிபிகேட் கொடுத்துவிட்டதால், 18 நிரம்பாத நாயகி தன் படத்தையே தியேட்டரில் பார்க்க முடியவில்லை என்று சொல்வார்கள். பார்க்க வயது போதாது, நடிக்கப் போதும்! அதே வருடம் 'ஆயிரத்தில் ஒருவன்'. அவருக்கு 17, எம்.ஜி.ஆருக்கு 48. அங்கிருந்து இருவரும் சேர்ந்து 28 படங்கள். 1973ல் 'பட்டிக்காட்டு பொன்னையா'வோடு அந்த ஜோடி முடிந்தது. அப்போது ஜெயலலிதாவுக்கு 25.

அதே 1973ல்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. வாலிபனுக்கு 56 வயது. நாயகிகளில் ஒருவரான லதாவுக்கு 19. இடைவெளி 36 வருடம். 1978 பொங்கலுக்கு வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'தான் எம்.ஜி.ஆரின் கடைசிப் படம். 61 பிறக்க மூன்று நாள் பாக்கி, அவர் முதலமைச்சராகியும் அரை வருடம் ஆகிவிட்டது. அதிலும் நாயகி லதாதான்.

8, 21, 31, 36. ஒரே மனிதர், நான்கு நாயகிகள். அவர் வயது ஏற ஏற நாயகியின் வயது ஏறவில்லை என்பது மட்டுமல்ல, இறங்கியிருக்கிறது. பானுமதி 'நாடோடி மன்னன்' சமயத்தில் 32, லதா 'வாலிப'னில் 19.

ஜெயலலிதாவின் கடைசித் தமிழ்ப்படம் 1980ல் வந்த 'நதியைத் தேடி வந்த கடல்'. வயது 32. 1982ல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார், 1983ல் கொள்கை பரப்புச் செயலாளர், 1984ல் ராஜ்யசபா எம்.பி. 2011ல் எங்கள் ஸ்ரீரங்கம் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சரானபோது அவருக்கு 63. அவருடைய அரசியல் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், நான் அதற்குள் போகவில்லை. நான் யோசித்தது வேறு. 63 வயதுப் பெண்ணை ஒரு மாநிலமே தலைவியாக ஏற்றுக்கொண்டது. 63 வயதுப் பெண் ஒருவரை நாயகியாக வைத்து அந்த 2011ல் யாராவது படம் எடுக்க முன்வந்திருப்பார்களா? எம்.ஜி.ஆர். மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போதே சினிமாவை விட்டு அரசியலுக்குப் போனார். நடிகைகளுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னது நாயகிகள் கதை. இதை விட அம்மாக்கள் கதைதான் ஆச்சரியமானது.

1952ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி பண்டரிபாய். 1968ல் 'குடியிருந்த கோயில்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மாவும் அதே பண்டரிபாய்தான். அவர் எம்.ஜி.ஆரை விடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்! 51 வயது மகனுக்கு நாற்பதை ஒட்டிய அம்மா, 20 வயது காதலி (ஜெயலலிதா). அம்மாவும் காதலியும் சேர்ந்து ஹீரோவை நடுவில் வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் அவர் இளைஞராகத் தெரிவார். அம்மா நரைமுடி வைத்துக்கொள்வது தன் வயதைக் காட்ட அல்ல, மகன் வயதை மறைக்க.

இது தமிழ்நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. ஹிந்தியில் 'மதர் இந்தியா' (1957) படத்தில் நர்கிஸ் அம்மா, சுனில் தத் மகன். நர்கிஸ் பிறந்தது 1929 ஜூன் 1, சுனில் தத் 1929 ஜூன் 6. ஐந்தே நாள் மூத்த அம்மா. மறு வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ராக்கி 1976ல் 'கபி கபி'யில் அமிதாப்புக்குக் காதலி, 1982ல் 'சக்தி'யில் அம்மா. அமிதாப்பை விட ஐந்து வயது இளையவர். ஹாலிவுட்டிலும் இதே கதைதான். சாலி ஃபீல்ட், டாம் ஹாங்க்ஸோடு 1988ல் 'பஞ்ச்லைன்' படத்தில் அவர் மனம் பறிகொடுக்கும் பெண், ஆறே வருடத்தில் 'ஃபாரஸ்ட் கம்ப்'பில் அம்மா. ஆனால் அவர் ஹாங்க்ஸை விட ஒன்பது வயதுக்கு மேல் மூத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் அந்தக் கூச்சம்கூடக் கிடையாது.

ரஜினியின் அம்மாக்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பட்டியல் தேறும். ரஜினி பிறந்தது 1950 டிசம்பர். சுஜாதா 1952. 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினி அவருக்குக் கொடுமைக்காரக் கணவர். 'உழைப்பாளி' (1993), 'பாபா' (2002) இரண்டிலும் ரஜினிக்கு அம்மா. லட்சுமியும் 1952தான். 'நெற்றிக்கண்' (1981) படத்தில் அப்பா ரஜினிக்கு மனைவி, ஆகவே மகன் ரஜினிக்கு அம்மா. வயது 28! 'ஜீன்ஸ்' (1998) படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குப் பாட்டி. 'படையப்பா'வில் (1999) மறுபடி ரஜினிக்கு அம்மா. இத்தனைக்கும் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய நடிகை.

எல்லாவற்றையும் விட ஸ்ரீவித்யா கதைதான் எனக்கு மனசைப் பிசைந்தது. எம்.எல். வசந்தகுமாரியின் மகள். 1953ல் பிறந்தவர். 1975ல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது 22 வயது. அதில் அவருக்கு ஒரு மகள் உண்டு, ஜெயசுதா. நிஜத்தில் ஜெயசுதா அவரை விட ஐந்து வயதுதான் இளையவர். வயதில் மூத்த பெண் மீது ஓர் இளைஞனுக்கு வரும் காதல்தான் அந்தப் படமே, ஆகவே பாலசந்தரைக் குறை சொல்ல மாட்டேன், வயதை நேருக்கு நேர் பார்த்துப் பேசிய படம் அது. ஆனால் அந்த ஒரு படத்தில் மூத்தவளாக நின்றவரை அப்புறம் இளையவளாக்கத் தமிழ் சினிமாவுக்கு மனசு வரவில்லை. 1989ல் 'அபூர்வ சகோதரர்கள்'. அப்பா கமலுக்கு மனைவி, மகன் கமல்களுக்கு அம்மா. கமலுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றேகால் வருடம். அதே வருடம் 'மாப்பிள்ளை'யில் ரஜினிக்கு மாமியார். 1991 தீபாவளிக்கு 'தளபதி'. ரஜினிக்கு அம்மா. (அறியாத வயதில் பெற்றுவிட்ட பிள்ளை என்று கதையிலேயே ஒரு காரணம் இருக்கிறது, மணிரத்னத்துக்கு அந்த நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஆனாலும் அம்மாவை விட மகன் இரண்டரை வயது மூத்தவர்.) அந்தக் கண்களை நினைத்துப் பாருங்கள். 38 வயதில் அந்தக் கண்களுக்கு வேறு என்னென்ன வேடம் எழுதியிருக்கலாம். 2006ல் 53 வயதில் மறைந்துவிட்டார்.

இன்னொரு பக்கம் 'மூன்று முடிச்சு' (1976). நாயகி ஸ்ரீதேவி. கதையில் ரஜினியின் அப்பாவைக் கட்டிக்கொண்டு ரஜினிக்குச் சித்தியாகிறார். அப்போது ஸ்ரீதேவிக்கு வயது 13. பதின்மூன்று. தெலுங்கில் இன்னும் விசேஷம். 1972ல் 'படி பந்துலு' படத்தில் என்.டி.ஆருக்குப் பேத்தியாக நடித்த அதே ஸ்ரீதேவி, 1979ல் 'வேட்டகாடு' படத்தில் அவருக்கே ஜோடி. மீனாவும் அப்படித்தான். 1984ல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினி மாமாவின் செல்லக் குழந்தை, 1993ல் 'எஜமான்' படத்தில் மனைவி. 16 வயது. குழந்தை வளர்ந்து நாயகியாகி, நாயகி மூத்து அம்மாவாகிறாள். நடுவில் அவர் மட்டும் அங்கேயே நிற்கிறார், மலைக்கோட்டை மாதிரி.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே சொல்லும் பதில், "ஆடியன்ஸ் அதைத்தானே மச்சான் கேட்கிறான்?" அப்படியா?

1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது பத்மினிக்கு 36. கல்யாணமாகி, அமெரிக்கா போய்த் திரும்பியவர். சிவாஜிக்கு 39. மூன்றரை வயது வித்தியாசம். அந்தப் படத்தைப் பார்த்து "நாயகிக்கு வயதாகிவிட்டது" என்று எழுந்து போனவர் யாராவது உண்டா? இன்றைக்கும் டிவியில் போட்டால் எங்கள் தெருவே உட்கார்ந்து பார்க்கிறது. 36 வயது உடம்பின் அனுபவம் இல்லாமல் அந்த மோகனா இல்லை என்பது என் கட்சி.

இன்னும் வலுவான சாட்சி சீரியல். 1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' ஆரம்பித்தது. ராதிகாவுக்கு 37. சினிமாவில் அம்மா, அக்கா என்று ஒதுக்கத் தொடங்கும் வயது. அந்த 37 வயதுப் பெண்ணைப் பார்க்கத் தமிழ்நாடு தினமும் இரவு வேலையை முடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தது. அவருடைய ராடான் கம்பெனி பங்குச்சந்தை வரைக்கும் போனது. பிறகு 'கோலங்கள்' (2003-2009) தேவயானி, அவருக்குப் பின்னால் குஷ்பு, ரம்யா கிருஷ்ணன் என்று வரிசையாக வந்தார்கள். தியேட்டரில் பார்க்க மாட்டான் என்று சொல்லப்பட்ட அதே ஆடியன்ஸ், வீட்டில் இவர்களை வருடக்கணக்கில் பார்த்தான். ஆக, கோளாறு ஆடியன்ஸில் இல்லை.

பின் எங்கே? சரக்கை முதலில் வாங்குவது யார் என்று பார்க்க வேண்டும். (காமர்ஸ் மாணவனின் புத்தி!) சீரியலுக்குப் பணம் கொடுப்பது சோப்பு, ஷாம்பு கம்பெனி. அவனுக்கு வேண்டியது வீட்டில் இருக்கும் பெண்கள். 37 வயது ராதிகாவிடம் தங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். சினிமா அப்படியல்ல. தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். செங்கல்பட்டு, மதுரை-ராமநாதபுரம், கோவை, சேலம் என்று. நம்முடையது திருச்சி-தஞ்சாவூர், தொழிலில் 'டி.டி. ஏரியா' என்பார்கள். பல காலம் நடந்த முறை மினிமம் கியாரண்டி. சுருக்கமாக எம்.ஜி. (ஆமாம், எம்.ஜி.!) படம் வெளிவருவதற்கு முன்பே விநியோகஸ்தர் ஒரு தொகையைக் கொடுத்துவிட வேண்டும், நஷ்டமானால் அது அவர் தலையில். படத்தைப் பார்க்காமலே பணம் போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்? கதையையா? ஹீரோவின் பெயரை. முதல் நாள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி, விசில் அடித்து, போட்ட பணத்தை எடுத்துத் தருகிற ரசிகர் மன்றத்தை. அந்தப் பெயர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும், ஆகவே அதற்கு வயதாகக்கூடாது. நாயகியோ அந்த விலையில் சேர்த்தி இல்லை. மாற்றிப் போட்டாலும் வியாபாரத்துக்குப் பங்கமில்லை, புது முகமென்றால் சம்பளமும் கம்மி.

'பாபா' சரியாகப் போகாதபோது என்ன நடந்தது? விநியோகஸ்தர்களின் நஷ்டத்துக்கு ரஜினியே பணம் கொடுத்தார். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நஷ்டமென்றால் போய் நிற்கிற வாசல் ஹீரோவின் வாசல்தான். நாயகி மனிஷா கொய்ராலாவின் வாசலுக்கோ அம்மா சுஜாதாவின் வாசலுக்கோ யாரும் போகவில்லை, போக நினைத்திருக்கவும் மாட்டார்கள். கடனுக்கு ஜாமீன் எதுவோ அதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து தப்பித்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து ஆச்சி மனோரமாதான். அவரை யாரும் இளமைக்காக வாங்கவில்லை என்பதால் அவருக்குத் தேய்மானமும் போட முடியவில்லை.

இப்போது மாறியிருக்கிறதா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. 2015ல் ஜோதிகா எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த படத்தின் பெயரே '36 வயதினிலே'. (அதே 2015ல் மேகி ஜில்லென்ஹால் என்ற ஹாலிவுட் நடிகை, 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்க 37 வயதான தான் கிழவியாகிவிட்டதாகத் தன்னிடம் சொன்னார்கள் என்று வெளியே சொன்னார்.) 2017ல் 'அறம்' நயன்தாராவின் பெயரிலேயே விற்றது. 40 வயது த்ரிஷா 2023ல் 'லியோ'வில் விஜய்க்கு ஜோடி, இருவருக்கும் வித்தியாசம் ஒன்பது வருடம்தான். அதே 2023ல் 'ஜெயிலர்'. 'படையப்பா' வந்து 24 வருடம் கழித்து, நீலாம்பரி ரம்யா கிருஷ்ணன் 52 வயதில் ரஜினிக்கு மனைவியாக வந்தார். தியேட்டரில் அவர் வந்ததும் விழுந்த விசிலைக் கேட்டேன், சந்தோஷமாக இருந்தது. நாயகியின் ஓய்வு வயது 30லிருந்து 40க்கு நகர்ந்திருக்கிறது, சில சமயம் அதற்கும் மேலே.

இடைவெளியை அளந்தால்தான் இடிக்கிறது. 2025 ஜூனில் 'தக் லைஃப்' வந்தது. கமலுக்கு 70. மனைவி அபிராமி, காதலி த்ரிஷா, இருவரும் 1983ல் பிறந்தவர்கள். கமலின் 'மூன்றாம் பிறை' வெளியானதற்கு அடுத்த வருடம்.